ஒரே பிள்ளைக்கு மூன்று மதிப்பீடுகள்: எதை நம்புவது?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மூளை முடக்குவாதம் உள்ளது. குழந்தை நல மருத்துவர் முன்பு டென்வர் சோதனை செய்தார். பிறகு உளவியலாளர் ஒருவர் வைன்லேண்டு அளவுகோலில் 50 என்று எழுதித் தந்தார். இப்போது சிறப்புப் பள்ளியில் எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள், அதில் வயதுக்கணக்கே இல்லை. இவற்றில் எது சரி?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இவை மூன்றும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்று சொல்ல இயலாது.

டென்வர், பிறப்பு முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கான முதற்கட்டச் சோதனை. வளர்ச்சியில் பின்தங்கல் இருக்கக்கூடுமா என்று பார்த்து மேல்பரிசோதனைக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் மகனுக்குப் பாதிப்பு உறுதியாகிவிட்டதால் அந்தத் தாளை இனிப் பார்க்க வேண்டியதில்லை.

வைன்லேண்டு பெரும்பாலும் பெற்றோரிடம் கேட்டு நிரப்பப்படுவது. அமெரிக்காவில் உளவியலாளர் எட்கர் டால் உருவாக்கிய அதனை உளவியலாளர் மாலின் இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்தார். பிள்ளை அறைக்குள் தானாக நடக்கிறானா, பிறர் உதவியின்றிக் குடிக்கிறானா என்பன போன்ற விவரங்களிலிருந்து சமூக வயதை (அன்றாடச் செயல்களில் எந்த வயதுப் பிள்ளைக்கு இணையாக இருக்கிறான் என்பதை) கணக்கிட்டு, அதை உண்மை வயதால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். 48 மாதப் பிள்ளையின் சமூக வயது 24 மாதம் என்றால் விடை 50. தசை இறுக்கத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாத பிள்ளைக்கும், டம்ளர் எதற்கென்றே புரியாத பிள்ளைக்கும் அந்தக் கேள்வியில் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும். ஆகவே உங்கள் மகனின் 50 என்பதை அறிவுத்திறன் அளவாக எவரும் படிக்கக் கூடாது. உறவினர்கள் அப்படித்தான் படிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எம்.டி.பி.எஸ். சென்னையில் சிறப்புக் கல்விக்காக உருவானது. உண்ணுதல், உடுத்துதல், மொழி, எண், பணம் எனப் 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 திறன்கள், எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் வரிசையில் அமைந்துள்ளன. அது உங்கள் மகனைப் பிற பிள்ளைகளோடு ஒப்பிடுவதில்லை. இன்று எதைச் செய்கிறான், அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. பெரியவர்களுக்கும் பயன்படும் படிவம் என்பதால் சில பகுதிகள் அநேகமாகக் காலியாகவே இருக்கும். நான்கு வயதில் எந்தப் பிள்ளை சில்லறை எண்ணி வாங்குகிறது?

அன்றாடப் பயிற்சிக்கு இந்தப் படிவத்தையே பின்பற்றுங்கள் என்பது என் கருத்து. ஆயினும் இதிலும் கையால் செய்துகாட்ட வேண்டிய செயல்கள் பல உண்டு. எனவே, மகனை முதுகுக்கும் பாதத்துக்கும் தாங்கல் உள்ள நாற்காலியில் அமர்த்தி, கையால் காட்ட முடியாதவற்றைக் கண்பார்வையால் காட்ட அனுமதித்து, அவ்வாறு செய்ததைத் தனியே குறித்துவைக்கும்படி சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே படிவத்தை அதே முறையில் மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள்.