மழைக்கு ஒரு குழு, விருந்தாளிக்கு ஒரு குழு

வீட்டு ஒலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, பழைய பங்களா ஒன்றைத் தங்குமிடமாக நடத்துகிறோம். சாப்பாட்டு அறை, முன் விறாந்தை, சமையலறை, மாடி, எங்கள் அறை என ஐந்து இடங்களில் கூகுள் நெஸ்ட் ஸ்பீக்கர் இருக்கிறது. கணவரின் தம்பி டுபாயில் இருந்து கொண்டுவந்து தந்தவை. காலையில் பாட்டுப் போடும்போது ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை சேர்த்ததை அப்படியே வைத்துக்கொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகி, அப்புத்தளை

பதில்: உண்டு, தங்கச்சி. நீங்கள் இப்போது செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்கு மற்ற ஸ்பீக்கர்களையும் இழுத்துச் சேர்ப்பது. அது அந்த நேரத்துக்கு மட்டும்தான். கூகுள் ஹோம் செயலியில் புதிய சாதனம் சேர்க்கப் போகும் அதே இடத்தில் 'ஸ்பீக்கர் குரூப்' என்று ஒன்று இருக்கும். வேண்டியவற்றைத் தெரிவு செய்து, பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள். அதன் பிறகு அந்தக் குழுவும் ஒரு தனி ஸ்பீக்கர் போலப் பட்டியலில் நிற்கும். நீங்களாக அழித்தால்தான் போகும். செயலியில் உங்கள் வீட்டு உறுப்பினராகச் சேர்த்திருக்கும் கணவரின் போனிலும் அது தெரியும்.

ஆனால் ஐந்தையும் ஒரே குழுவாகப் போட்டு வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விடாதீர்கள். ஒரு ஸ்பீக்கரை ஒன்றுக்கு மேற்பட்ட குழுவில் வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு குழுவில்தான் அது பாடும், அவ்வளவுதான். அதனால் அறையைப் பார்த்துக் குழு பிரிக்காமல், பொழுதைப் பார்த்துப் பிரியுங்கள். காலைக்குச் சமையலறையும் சாப்பாட்டு அறையும். விருந்தாளிகள் தேநீருக்கு வந்து உட்காரும் நேரத்துக்கு விறாந்தையும் சாப்பாட்டு அறையும். மாடியைப் பகலில் எந்தக் குழுவிலும் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். இரவு ரயிலில் வந்து இறங்கிய ஆள் பத்து மணி வரைக்கும் தூங்குவார்.

இதில் பலர் கவனிக்காத விசயம் ஒன்று உண்டு. குழுவைச் சேமிக்கும்போது பதிவாவது யார் யார் உள்ளே என்பது மட்டும். யார் எவ்வளவு சத்தம் என்பது அதில் இல்லை. முதல் நாள் இரவு கிரிக்கெட் வர்ணனை கேட்க யாராவது சாப்பாட்டு அறை ஸ்பீக்கரைக் கூட்டி விட்டிருந்தால், மறுநாள் காலை சுப்ரபாதமும் அதே சத்தத்தில்தான் எழும்பும். இதற்கு அதே செயலியில் 'ரூட்டீன்' அமைக்க வேண்டும். சமையலறை இத்தனை சதவீதம், சாப்பாட்டு அறை இத்தனை சதவீதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒலியளவுக் கட்டளை கொடுத்து, கடைசிக் கட்டளையாகக் குழுவில் பாட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். குழுவும் ரூட்டீனும் சேர்ந்தால்தான் நீங்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கும்.

அந்த அளவுகளை எப்படிப் பிடிப்பது? ஒரே பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு அறையிலும் ஆட்கள் உட்காரும் இடத்தில் நீங்களும் உட்காருங்கள். எதிரில் இருப்பவருடன் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற இடத்தில் நிறுத்தி, அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கல்சுவரும் சிமெந்துத் தரையும் உள்ள சமையலறைக்குக் குறைந்த எண் போதும். சோபாவும் திரைச்சீலையும் உள்ள அறைக்குக் கூடுதலான எண் வேண்டும்.

மழைக்கும் தனியாக ஒரு குழு வையுங்கள். இதை மலைநாட்டில் வீடு உள்ள எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் பக்கம் ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரைக்கும் மழை. எங்கள் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரையில் அடைமழை விழும்போது எல்லா ஸ்பீக்கரையும் கூட்டினால் வீடு முழுக்க இரைச்சல்தான் கூடும், பாட்டின் சொல் விளங்காது. ஸ்பீக்கரின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கிட்ட உள்ள ஒன்றோ இரண்டோ போதும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கூடாது என்றாலும் கிட்ட இருப்பதன் பலன் பலன்தான். செயலியில் பேஸை (கனத்த ஒலியை) சற்று இறக்கி ட்ரெபிளை (கூர்மையான ஒலியை) சற்று ஏற்றினால் பாடுபவரின் குரல் மழையைத் தாண்டி வரும்.

அப்புறம், வாயால் சொல்லி இயக்கப் போகிறீர்கள் என்றால், இந்த ஸ்பீக்கர்களில் உள்ள உதவியாளருக்குத் தமிழ் கேட்கத் தெரியாது. அது பிடித்துக்கொள்ளக்கூடிய சிறிய பெயராக வையுங்கள். அறையின் பெயரையே குழுவுக்கும் வைக்காதீர்கள், குழம்பிவிடும். விருந்தாளிகளுக்குக் கட்டாயம் தனி வைஃபை கொடுங்கள். உங்கள் வைஃபையில் இருக்கும் எவரும் தன் போனில் இருந்து உங்கள் ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பலாம். ரவுட்டரில் உள்ள கெஸ்ட் நெட்வேர்க்கைத் திறந்துவிட்டால் அவர்களுக்கு இணையம் கிடைக்கும், ஸ்பீக்கர் தெரியாது.

கேள்வி: ஹோம் தியேட்டர் அம்ப்ளிஃபயருக்குக் குரோம்காஸ்ட் ஓடியோ (வைஃபையில் வரும் பாட்டை அம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சின்னக் கருவி) மாட்டி, இரண்டு நெஸ்ட் மினியுடன் குழுவாகச் சேமித்திருக்கிறேன். அம்ப்ளிஃபயர் பக்கம் பாட்டு ஒரு துளி பிந்தி வருகிறது. கரண்ட் போய் வந்தால் குழுவில் ஒரு ஸ்பீக்கர் காணாமல் போகிறது.
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய், தம்பி.

பிந்துவதற்குக் காரணம் அம்ப்ளிஃபயர். சரவுண்ட், ஹால் என்று ஒலியை உள்ளே டிஜிட்டலாகப் பிசையும்போது அது நேரம் எடுக்கிறது. முதலில் அதை டிரெக்ட் அல்லது வெறும் ஸ்டீரியோவில் போடுங்கள். பாதி தீர்ந்துவிடும். மீதிக்கு, ஹோம் செயலியில் குரோம்காஸ்ட் ஓடியோவின் அமைப்புக்குள் 'குரூப் டிலே கரெக்ஷன்' இருக்கிறது. தப்பு மேளத்தின் அடி தெளிவாக விழும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்டால் இன்னும் சரியாகவில்லை. ஒன்றாக விழும் வரை நகர்த்துங்கள். அப்படிப் பார்க்கும்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் நிற்க வேண்டும். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கரின் அடி, எந்தக் கோளாறும் இல்லாமலே 30 மில்லி செக்கன் பிந்தித்தான் உங்கள் காதுக்கு வரும். ஒரு மூலையில் நின்று திருத்தினால் மற்ற மூலையில் கெடும்.

காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டர். கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் முந்திக்கொண்டு எழும்பிவிடும், ரவுட்டர் ஆறுதலாகத்தான் எழும்பும். வீட்டில் வைஃபையைத் தூரத்துக்கு நீட்டும் எக்ஸ்டெண்டர் இருந்து, அதற்கு வேறு வைஃபைப் பெயர் இருந்தால், ஒரு ஸ்பீக்கர் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடும். எல்லாச் சாதனமும் ஒரே நெட்வேர்க்கில் இருந்தால்தான் குழு நிற்கும். ரவுட்டருக்குள் போய் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, அந்த வருடம் பலரும் ரவுட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ் உங்கள் வீட்டு மூலையிலும் கிடக்கலாம். அதைத் தூசு தட்டி மாட்டினால், கரண்ட் சற்று நேரம் போய் வந்தாலும் ரவுட்டர் விழாது. இடி மின்னல் நாட்களில் மட்டும் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். குழுவைத் திரும்பவும் அமைக்கலாம், எரிந்துபோன அம்ப்ளிஃபயரை மீட்க முடியாது.

கேள்வி: மகன் கனடாவில் இருந்து மூன்று ஸோனோஸ் ஸ்பீக்கர் கொண்டுவந்தான். குழுவைச் சேமிக்க இடமே காணவில்லை.
– ஒரு வாசகர், நானுஓயா

பதில்: ஐயா, உங்கள் போனில் இருப்பது ஸோனோஸின் பழைய எஸ்1 செயலியா என்று பாருங்கள். குழுவைச் சேமிக்கும் வசதி 2020 ஜூனில் வந்த அடுத்த செயலியான எஸ்2 உடன்தான் வந்தது. மூன்றில் ஒன்று முதல் தலைமுறை பிளே:5 ஆக இருந்தால் அது எஸ்2-க்கு ஏறாது. அந்த ஒன்றைத் தனியே எஸ்1-இல் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எஸ்2-க்கு மாற்றுங்கள். ஒன்றுக்காக மூன்றையும் பழையதில் கட்டிப்போட வேண்டியதில்லை. காலைச் செய்திக்கு அலாரம் வைப்பவராக இருந்தால், அதில் சேர்ந்திருக்கும் அறைகளையும் சேர்க்கும் தெரிவு உண்டு, ஒலியளவும் அங்கேயே கொடுக்கலாம். அலாரம் அடிக்கும் நேரத்தில் எந்த அறைகள் குழுவாக இருக்கின்றனவோ அவைதான் பாடும். ஆகவே இரவு படுக்கும் முன் குழுவைச் சேர்த்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: என்னிடம் வெவ்வேறு கம்பெனி புளூடூத் ஸ்பீக்கர் நான்கு இருக்கிறது. இவற்றையும் குழுவாகச் சேமிக்கலாமா?
– ஒரு மாணவர், தலவாக்கலை

பதில்: முடியாது, தம்பி. புளூடூத்தில் சில கம்பெனிகள் தங்கள் ஸ்பீக்கர்களைத் தங்களுக்குள் சேர்த்துப் பாடவைக்கும். ஒரே கம்பெனியிலேயே, உதாரணத்துக்கு ஜேபிஎல்லில், பார்ட்டிபூஸ்ட் என்ற இணைப்பு முறை உள்ள பழையது, ஆரகாஸ்ட் என்ற முறை உள்ள புதியதோடு சேராது. வெவ்வேறு கம்பெனி என்றால் பெரும்பாலும் அதுவும் இல்லை. செலவில்லாமல் செய்து பார்க்க ஆசை இருந்தால் ஸ்னாப்காஸ்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய கணினி ஒன்றைச் சேவையகமாக வைத்து, ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கமான சின்னக் கணினி) அல்லது பழைய அண்ட்ரொய்ட் போன் கொடுத்தால் எல்லாம் ஒரே தாளத்தில் பாடும், குழுவும் நிற்கும். ஸ்பீக்கரை அந்தப் போனுக்குப் புளூடூத்தில் இணைக்காதீர்கள், பிந்தல் திரும்பவும் வந்துவிடும். ஓக்ஸ் வயரில் கொடுங்கள்.