அப்பாவுக்கு எந்த சத்து மாத்திரை கொடுக்கலாம்னு கேட்டீங்க

மாத்திரைக்கு அப்புறம் வர்றேன். உங்க கடிதத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, போன வருஷம் அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 13.6, இப்ப 10.2, ஃபெரிட்டின் (உடம்புல இருக்கிற இரும்பு இருப்போட அளவு) 9, "72 வயசாச்சுல்ல டாக்டர், அதான் சோர்வு போல"ன்னு. அப்புறம் கடைசியில "நெட்ல படிச்சதுல இருந்து தூக்கமே வரல"ன்னு நிறுத்திட்டீங்க. என்ன படிச்சீங்கன்னு எழுதலைனாலும் புரியுதும்மா. கேன்சரா இருக்குமோன்னு பயப்படுறீங்க.

இந்த நம்பரை வெச்சு அது கேன்சர்னு யாரும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது, உள்ள பாத்தாதான் தெரியும். ஆனா வயசானா ரத்தம் தானா குறையும்னு நினைக்கிறது தப்பு. ஆம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 13க்கு கீழ போனா ரத்தசோகை, அது 40 வயசானாலும் அதேதான் 72 ஆனாலும் அதேதான். ஃபெரிட்டின் 9ன்னா உடம்புல இரும்பு இருப்பு காலியாயிடுச்சு. சாப்பாட்டுல சத்து இல்லன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, ஏன்னா ஒரு ஆணுக்கு தினமும் வெளியேறுற இரும்பே சுமார் 1 மில்லிகிராம்தான், நல்லா சாப்பிட்டுட்டு இருக்கிறவருக்கு ஒரே வருஷத்துல இவ்ளோ இறங்கணும்னா பெரும்பாலும் வயிறு குடல் பக்கம் எங்கயோ ரத்தம் கசியுதுன்னுதான் நாங்க சந்தேகப்படுவோம். 1 மில்லி ரத்தத்துல அரை மில்லிகிராம் இரும்பு இருக்கு. தினமும் 10 மில்லி கசிஞ்சா மலத்துல கண்ணுக்கே தெரியாது, ஆனா 5 மில்லிகிராம் இரும்பு போயிடும்.

அப்ப காரணம் என்ன? மூட்டு வலிக்கு அவரே மெடிக்கல்ல வாங்கி தினமும் டைக்ளோஃபெனாக் போடுறாருன்னு எழுதியிருக்கீங்க, கூடவே ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின். இந்த ரெண்டும் சேர்ந்தா வயித்துல புண் வர்றது ரொம்ப சகஜம், அதனால பயத்தோட உச்சிக்கு போயிடாதீங்க. அதுக்காக புண்ணாத்தான் இருக்கும்னு விட்டுடவும் கூடாது, வாய் வழியா வயித்தைப் பாக்குற எண்டோஸ்கோப்பியும், ஆசனவாய் வழியா பெருங்குடலைப் பாக்குற கொலனோஸ்கோப்பியும் ரெண்டுமே பண்ணணும். பெருங்குடல்ல கட்டியே இருந்தாலும் சீக்கிரம் கண்டுபிடிச்சா ஆபரேஷன்ல குணமாகுறவங்க நிறைய பேர்.

எனக்கு கோபம் வர்றது எங்கன்னா, மூணு வாரமா யார்கிட்டயும் கேக்காம அயர்ன் மாத்திரை ஆரம்பிச்சிருக்கீங்க, மலம் கறுப்பா போகுது, கடைக்காரர் "அது மாத்திரையாலதான்"னு சொல்லிட்டார். இருக்கலாம், அயர்ன் போட்டா கறுக்கும்தான். ஆனா மாத்திரைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அப்பாகிட்ட கூச்சப்படாம கேளுங்க. தார் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, சகிக்க முடியாத நாத்தத்தோட போனா அது ரத்தம். இன்னொண்ணு, மாத்திரையால ஹீமோகுளோபின் 12க்கு ஏறிடும், "சரியாயிடுச்சு"ன்னு டெஸ்ட்டை தள்ளிப் போடுவீங்க, கசிவு பாட்டுக்கு உள்ள நடந்துக்கிட்டே இருக்கும். நம்பர் ஏறினாலும் டெஸ்ட் பண்ணியே ஆகணும். கொலனோஸ்கோப்பிக்கு ஒரு வாரம் முன்னாடி அயர்னை நிறுத்தச் சொல்வாங்க, அதையும் ஞாபகமா கேட்டுக்கோங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. யூரின் பளிச்னு மஞ்சளா போறது பி காம்ப்ளெக்ஸ்ல இருக்கிற பி2 வேலை, கிட்னிக்கு ஒண்ணும் ஆகல. கிட்னியைப் பத்தி கவலைன்னா அந்த வலி மாத்திரையைப் பத்தி கவலைப்படுங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போடுறதால பி12 குறைஞ்சிருக்கலாம், அதனால அதையும் டெஸ்ட் பண்ணுங்க, ஊகத்துல போடாதீங்க. கால்சியத்தையும் அயர்னையும் ஒண்ணா முழுங்கினா அயர்ன் சரியா சேராது. முடிக்கு போடுற பயோட்டின் தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பா காட்டும், டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது நிறுத்தணும். வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டியை தினமும் கொடுக்கிறீங்கன்னு எழுதியிருக்கீங்க, அதை இன்னைக்கே நிறுத்திட்டு ரத்தத்துல கால்சியம், கிரியேட்டினின் (கிட்னிக்கான டெஸ்ட்) ரெண்டும் பாருங்க. புரோட்டீன் பவுடர் இப்போதைக்கு வேண்டாம், சோர்வுக்கு காரணம் புரோட்டீன் குறைவு இல்ல.

டைக்ளோஃபெனாக்கையும் இன்னைக்கே நிறுத்துங்க, வலிக்கு வேற என்ன போடலாம்னு டாக்டர் சொல்வார். ஆனா ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க, ஹார்ட் டாக்டரைக் கேட்டு அவர் சொல்றபடி செய்யுங்க. வீட்ல இருக்கிற எல்லா மாத்திரை டப்பாவையும் ஒரு பையில போட்டுக்கிட்டு, ரெண்டு ரத்த ரிப்போர்ட்டோட இந்த வாரமே குடல் டாக்டரைப் பாருங்க. நடுவுல தார் மாதிரி மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, எழுந்து நிக்கும்போது கண்ணு இருட்டிட்டு வந்தாலோ, நெஞ்சு வலி மூச்சு வாங்கல் இருந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியானாலும் நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.