கேட்டது நீங்கள்: நார்ன்களை மேயவிட்டால்…

கே: 'கிரீச்சர்ஸ் 3' கணினி விளையாட்டில் நார்ன் என்கிற செயற்கை உயிர்களுக்கு ஊட்டிவிட்டு, பேச்சுப் பழக்கி வளர்த்தாயிற்று. ராத்திரி முழுக்கக் கை வைக்காமல் ஓடவிட்டால், காலையில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. எங்கே தப்பு?
— வாசகர், அம்பாசமுத்திரம்

ப: விடுவதற்கு முன்னாலேயே தப்பு நடந்திருக்கும். இப்படி ஓடவிடுவதற்கு 'உல்ஃப்லிங் ரன்' என்று பெயர். வயலில் கிடை போடுகிறவர்கூட தண்ணீர், நிழல் பார்த்துவிட்டுத்தானே ஆட்டை அவிழ்க்கிறார்!

எட்டு முட்டையோடு தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொரிக்க வைத்திருந்தால் எட்டும் ஒன்றாகவே கிழடு தட்டும். அதற்குள் குஞ்சுகள் பருவத்துக்கு வராவிட்டால் வம்சம் அத்தோடு சரி. இரண்டிரண்டாக, அரைமணி நேரம் இடைவெளி விட்டுப் பொரிக்க விடுங்கள். ஆண் நான்கு, பெண் நான்கு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கக் கூடாது.

அடுத்தது தீனி. நார்னுக்குப் பசி ஒன்றல்ல, மூன்று: புரதம், மாவுச்சத்து, கொழுப்பு. ஒரே வகைத் தீனியைக் குவித்தால் ஒரு பசி அடங்கும், மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். விதை, பழம், உணவு என மூன்று வகையும் அவை நடமாடும் இடத்தில் இருக்கட்டும். வாசனையைப் பிடித்துத்தான் அவை தீனியைத் தேடிப் போகும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூலையில் வைக்காதீர்கள். கூட்டம் அங்கேயே முண்டும், நெரிசலே ஒரு தொல்லையாக அவற்றின் உடம்பில் ஏறும்.

நார்ன்களைத் தாக்கும் கிரெண்டல் என்கிற முரட்டு உயிர்களை முதல் சில தலைமுறைக்குத் தள்ளியே வையுங்கள். பிறகு வரட்டும், பயமும் வேண்டியதுதான்.

முதல் தலைமுறையில் சாவு இருக்கத்தான் செய்யும். அங்கேதான் வடிகட்டல் நடக்கிறது. பாதியில் மனசு கேட்காமல் ஒன்றுக்கு ஊட்டிவிட்டால், ஊட்டினால்தான் பிழைக்கும் மரபணுவை நீங்களே வளர்க்கிறீர்கள்.

கே: மூன்று நாளாக ஓடுகிறது. முட்டைகள் கிடக்கின்றன, பொரியவே இல்லை. ஒரு நார்ன் மட்டும் எத்தனை நேரமானாலும் சாகவில்லை.
— வாசகி, பாளையங்கோட்டை

ப: இரண்டும் ஒரே கதைதான். விளையாட்டில் உயிர்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. அது நிறைந்தால் முட்டை பொரியாது. நார்னின் வயதை 'லைஃப்' என்ற வேதிப்பொருள் கரையும் வேகம் தீர்மானிக்கிறது. மரபணு மாற்றத்தில் அந்த வேகம் குறைந்தால் கிழடு சாகாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். நேர்மையான சோதனை என்றால் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதை எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுங்கள், முட்டைகளுக்கு வழி கிடைக்கும். இன்னொன்று: இந்த வடிகட்டல் தேர்ந்தெடுப்பது புத்திசாலியை அல்ல, நிறையப் பெறுகிறதை. தின்று, தூங்கி, முட்டையிடுகிற மந்தமான வம்சம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கே: புதிதாகத் தொடங்க எதை எடுக்கலாம்?
— வாசகர், தென்காசி

ப: இதே வரிசையில் 2001-இல் இலவசமாக வந்த 'டாக்கிங் ஸ்டேஷன்' விளையாட்டு போதும். 1999-இல் வந்த 'கிரீச்சர்ஸ் 3' கையில் இருந்தால் இரண்டையும் இணைத்து ஆடலாம், இடம் பெரிதாகும். ஸ்டீவ் கிராண்ட் உருவாக்கிய 1996-இன் முதல் விளையாட்டு அழகானது, ஆனால் இந்தச் சோதனைக்குக் கொஞ்சம் குறுகல்.

தூங்கப் போகும் முன் சேமித்துவிட்டு, உலகக் கோப்புறையை வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நடுராத்திரியில் கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.