தேமலும் தொழுநோயும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவரின் முன்கையில் வெளிறிய தேமல். படர்தாமரைக் களிம்பு ஆறு மாதம் பூசியும் போகவில்லை. காது மடலில் கீறி எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லையாம். ஆனாலும் டாக்டர் தொழுநோய் என்கிறார். எப்படி?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: ஓரிரு தேமல் மட்டும் இருப்பவர்களின் உடம்பில் கிருமி மிகக் குறைவு, கீறிப் பார்த்தால் சிக்காது. ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் இந்தக் கிருமியை 1873-ல் கண்டறிந்தார். ஆனால் அதை ஆய்வகத்தில் செயற்கையாக வளர்க்க இன்னும் வழி பிறக்கவில்லை. அதனால் டாக்டரின் விரல்தான் இங்கே முக்கியப் பரிசோதனை. தேமலில் உணர்ச்சி இருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

உணர்ச்சியைச் சோதிக்க, பஞ்சைத் திரியாக முறுக்கி, முதலில் நல்ல தோலில் தொட்டுப் பழக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லித் தேமலில் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். "தெரியுதா?" என்று கேட்டால் பலரும் தலையாட்டிவிடுவார்கள். பஞ்சைத் தேய்த்து இழுத்தாலும் கணக்குத் தப்பும். பக்கத்துத் தோல் உணர்ந்துவிடும். முகத்தில் நரம்புகள் அதிகம் என்பதால் அங்குள்ள தேமலில் உணர்ச்சி மிஞ்சியிருக்கலாம். நரம்புக்கு முழங்கையின் உட்புறத்தைத் தடவி, இரு கைகளையும் ஒப்பிடுவார்கள். படர்தாமரை அரிக்கும், தொழுநோய்த் தேமல் பொதுவாக அரிக்காது.

உண்மையில் கோட்டை விடப்படுவது கிருமி நிறைந்தவர்களைத்தான். அவர்களுடைய தேமல் மங்கலாக இருக்கும், உணர்ச்சியும் இருக்கும். காது மடல் தடிப்பதையும் தீராத மூக்கடைப்பையும் யாரும் தொழுநோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

கேள்வி: தொழுநோய்க்கான பன்னிரண்டு மாத மாத்திரையை முடித்து இரண்டு மாதமாகிறது. பழைய தேமல் திடீரெனச் சிவந்து வீங்கி, முழங்கையில் சுரீரென்று வலிக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?
- வாசகர், கடலூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. செத்த கிருமியின் மிச்சத்தோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தி சண்டையிடுகிறது. இதை 'ரியாக்‌ஷன்' என்பார்கள். மருந்து சாப்பிடும்போதும் வரும், முடித்த பிறகும் வரும். நோய் மெய்யாகவே திரும்பினால் பொதுவாகப் பல வருடம் கழித்து, சத்தமில்லாமல் மெல்ல வரும். ஆனால் முழங்கை வலியைத் தள்ளிப்போடாதீர்கள், அது நரம்பு வீக்கம். இந்த வாரமே போய்க் காட்டுங்கள். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனை 40 மில்லிகிராம் அளவில் தொடங்கி, சில மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். வலி போனதும் பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வீக்கம் மறுபடி கிளம்பும். செயலிழந்த நரம்பு ஆறு மாதத்துக்கு மேல் கவனிக்கப்படாவிட்டால் விரல் மடங்கியது மடங்கியதுதான்.

கேள்வி: அப்பாவுக்குத் தொழுநோய். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கணுமா?
- வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். மருந்து தொடங்கிவிட்டால் பரவுவது விரைவில் நின்றுவிடும். வீட்டிலுள்ள எல்லோரும் உடம்பு முழுக்கத் தோலைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தடுப்பாக ரிபாம்பிசின் (காசநோய்க்கும் தரப்படும் மருந்து) ஒரே ஒரு வேளை தருவார்கள், பெரியவர்களுக்கு 600 மில்லிகிராம். இருமல் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். காசநோய் மறைந்திருக்கும்போது இதை மட்டும் கொடுத்தால் காசநோய்க் கிருமி மருந்துக்குப் பழகிவிடலாம்.