எஸ்டிஎம்-1 டிரங்க் இணைப்பில் பேரிட்டி பிழை: எங்கிருந்து தேடுவது?

எஸ்டிஎம்-1 என்ற ஃபைபர் தொலைத்தொடர்பு இணைப்பு அறுபடாமல், பேரிட்டி பிழை (அனுப்பிய பிட்களின் சரிபார்ப்புக் கணக்கு பெறும் பக்கத்தில் பொருந்தாமல் போவது) மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால், முதலில் பி1, பி2, பி3 என்ற சரிபார்ப்பு பைட்களில் எது பிழையைக் காட்டுகிறது என்று பாருங்கள். அட்டையை மாற்றுவது கடைசி வேலை. பி1 ஒவ்வொரு ரீஜெனரேட்டரிலும் (வழியில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் கருவி) முடிந்து புதிதாகக் கணக்கிடப்படுவதால், அது ஏறும் நிலையத்துக்கும் அதற்கு முந்தைய நிலையத்துக்கும் இடையில்தான் கோளாறு இருக்கும். பி2 இரு மல்டிபிளெக்ஸர்களுக்கு (பல தடங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் கருவிகள்) இடைப்பட்ட பகுதியையும், பி3 முனைக்கு முனை பாதையையும் கண்காணிக்கின்றன. ஆகவே வழியெங்கும் பி1, பி2 சுத்தமாக இருந்து பி3 மட்டும் ஏறினால், ஃபைபரைக் குறை சொல்லாமல் இடையிலுள்ள கருவியின் கிராஸ்-கனெக்ட் அட்டையை (தடங்களை உள்ளே மாற்றி இணைக்கும் அட்டை) சந்தேகியுங்கள்.

பி1 ஏறினால், ஏற்பியை வந்தடையும் ஒளித்திறனைப் பவர் மீட்டரில் அளந்து அட்டையின் வரம்போடு ஒப்பிடுங்கள். குறைவு மட்டுமல்ல, மிகுதியும் பிழை தரும். குறுகிய தூரத்தில் நெடுந்தூர லேசரைப் பொருத்திவிட்டு ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை மறந்துவிடுவது உண்டு. பிறகு லேசரை அணைத்துவிட்டு, கருவியை ஃபைபரோடு இணைக்கும் சிறு கேபிளான பேட்ச் கார்டின் முனையை நுண்ணோக்கியில் பாருங்கள்: ஏறத்தாழ 9 மைக்ரான் அகலமே உள்ள, ஒளி செல்லும் ஃபைபர் மையத்தின் மேல் ஒரே ஒரு தூசி உட்கார்ந்திருந்தாலும் போதும்.

ஒரே பிட் வரிசையில் இரண்டு பிழைகள் விழுந்தால் இரட்டைப்படைப் பேரிட்டி (1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று மட்டும் பார்ப்பது) அவற்றைக் காணாது என்பதால், பிழை மிகுந்த இணைப்பில் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். அங்கே பிட் பிழை சோதனைக் கருவியை நம்புவதே நல்லது.