ஹீலியஸில் சுழல் வரவில்லையா? பின்னணியைப் பாருங்கள்

சோனி ஏ6400-இல் அடாப்டர் போட்டு ஹீலியஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸை மாட்டி, மாயவரம் பக்கம் வயலில் தங்கையை நிறுத்தி எடுத்தும் மங்கிய பின்னணி வட்டமாகச் சுழல்வதுபோல் வரவே இல்லை, கண்ணும் ஷார்ப்பாக இல்லை என்கிறீர்கள். லென்ஸில் கோளாறு இருக்காது, வயல்தான் காரணம். நடவு வயல் மங்கினால் ஒரே பச்சை. அதில் சுழல என்ன இருக்கிறது? இலைகளுக்கு நடுவே வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிய வேண்டும். ஆற்றங்கரை மூங்கில் கொத்தோ படித்துறை அரசமரமோ போதும். ஆள் ஒன்றரை, இரண்டு மீட்டரில் நிற்கட்டும். மரம் அவருக்குப் பின்னால் ஏழெட்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த லென்ஸில் அபர்ச்சருக்கு, அதாவது ஒளி நுழையும் துளைக்கு, இரண்டு வளையங்கள். க்ளிக் ஆகும் வளையத்தை 2-இல் வைத்துவிட்டு லென்ஸை முன்பக்கமிருந்து பாருங்கள். பிளேடுகள் கண்ணில் படக்கூடாது, அதாவது துளை முழுதாகத் திறந்திருக்க வேண்டும் (எஃப்2).

சுழல் ஓரங்களில்தான் பலமாக இருக்கும். உங்கள் கேமராவின் ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) அந்த ஓரத்தையே வெட்டிவிடுகிறது, அதனால் ஃபுல் ஃபிரேம் படங்களில் பார்த்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். ஃபோகல் ரெட்யூசர் (லென்ஸின் படத்தைச் சிறிய சென்சாருக்குள் சுருக்கித் தரும் அடாப்டர்) போட்டால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் மூங்கிலை முயன்று பாருங்கள், அதற்குச் செலவில்லை.

கண் ஷார்ப்பாக இல்லாததற்கு ஃபோகஸான இடத்தைத் திரையில் கலரால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எஃப்2-இல் அது தாராளமாகக் கலர் பூசும். திரையைப் பெரிதாக்கி இமைமுடியில் ஃபோகஸ் வையுங்கள்.

உச்சி வெயிலில் எஃப்2-க்கு 1/4000 ஷட்டரும் பத்தாது. வெளிச்சத்தைக் குறைக்கும் 49 மி.மீ. என்டி8 ஃபில்டர் வாங்குங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் போங்கள்.