ஜிஆர் யாரிஸ் அமெரிக்காவில் ஏன் கிடைப்பதில்லை? ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: டெக்சஸில் வேலை பார்க்கிறேன். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் வாங்க ரொம்ப நாள் ஆசை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் விற்கிறார்கள். இங்கே டீலர் கையை விரிக்கிறார். ஜப்பானிலிருந்து 2021 மாடலை இறக்கி, மொன்டானாவில் ரிஜிஸ்டர் செய்து தருவதாக ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவோரத்தில் பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளை இந்த வண்டி நிறைவேற்றுகிறது என்று கம்பெனியே சான்று சொல்லும் ஸ்டிக்கர் இருக்கும். ஜிஆர் யாரிஸில் அது இல்லை. ஐரோப்பாவில் தேறிய கார் என்பது இங்கே செல்லாது. பக்கவாட்டு விளக்கு வரைக்கும் விதி வேறு, புகைச் சோதனையும் வேறு. அந்தச் சான்றைச் சொல்லக் கம்பெனி புதுக் கார்களை மோதி உடைத்துப் பார்க்க வேண்டும். 2020-ல் ராலிப் போட்டியை மனதில் வைத்துச் செய்த மூன்று கதவு வண்டி இது. சாதாரண யாரிஸே அந்த ஆண்டோடு இங்கே நின்றுபோனது. செலவழித்தால் திரும்பாது என்று டொயோட்டாக்காரர்கள் கணக்குப் போட்டு, அதே 1.6 லிட்டர் டர்போ எஞ்சினை ஜிஆர் கொரோலா என்ற இன்னொரு காரில் வைத்து இங்கே விற்கிறார்கள்.

ஜெர்மனியின் ஆட்டோபானில் ஓடுகிற கார் டெக்சஸ் சாலையில் மட்டும் எப்படி ஆபத்தாகும்? இத்தனை வருடத்தில் யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை. வெளிநாட்டுக் கார்களை இறக்குவதற்கு 1988-ல் போட்ட சட்டத்தை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

இப்போது ஏஜென்ட் விஷயம். நம்பர் பிளேட் கொடுப்பது மாநிலம். காரை நாட்டுக்குள் விடுவது மத்திய அரசு. பத்திரம் பதிவாகிவிட்டதால் புறம்போக்கு பட்டா நிலமாகிவிடுமா? மொன்டானா பிளேட்டும் அப்படித்தான். 2013-ல், பழைய வண்டி என்று பொய் எண் காட்டி இறக்கிய ஒரு மினி கூப்பரை சுங்கத்துறை இயந்திரத்தில் போட்டு நசுக்கி, அதை வீடியோவாகவும் வெளியிட்டது. அப்படிப் போவது ஏஜென்டின் பணம் அல்ல, வாங்கியவருடையது.

அடுத்து அவர் "ஷோ ஆர் டிஸ்ப்ளே", அதாவது காட்சிக்கு வைக்கும் கார் என்று ஒரு விதிவிலக்கை நீட்டுவார். விதிவிலக்கு உண்மைதான். ஆனால் அது போர்ஷே 959 போல, வரலாற்று மதிப்போ தொழில்நுட்ப மதிப்போ உள்ள அபூர்வக் கார்களுக்கு. பொதுவாக 500-க்குள் தயாரான மாடலாக இருக்க வேண்டும். வண்டி வருவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். கிடைத்தாலும் ஆண்டுக்கு 2,500 மைல்தான். ஆபீஸுக்கு ஓட்டினால் சில மாதத்தில் தீர்ந்துவிடும். ஜிஆர் யாரிஸ் ஆயிரக்கணக்கில் தயாராகும் வண்டி. அதற்கு இந்த வாசல் திறக்காது. திறக்கும் என்று எவர் சொன்னாலும், அனுமதிக் கடிதத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். பணத்தை அப்புறம் பேசலாம்.

நேர்வழி ஒன்றுதான்: தயாரான மாதத்திலிருந்து 25 வருடம் ஆகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு விதிகள் வண்டியைத் தடுக்காது. 2021 ஜூனில் தயாரான வண்டி என்றால் 2046 ஜூன். அதுவரை காத்திருக்க மனமில்லை என்றால், டீலரிடம் போய் ஜிஆர் கொரோலாவை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பட்டியல் விலைக்கு மேல் "மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்" என்று ஒரு தொகையைச் சேர்த்தால், கையெழுத்துப் போடாமல் அடுத்த டீலரைப் பாருங்கள்.